ஐந்தாம் எண் பச்சை

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் நான்கு. நெருப்பு, சக்கரம், எழுத்து. நான்காவது இடம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காலியாகவே கிடந்தது. இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு புரட்டாசி மாதம், வேப்பந்தட்டைக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நான் அதை நிரப்பினேன். மக்காச்சோளத்துக்கு எவ்வளவு யூரியா போட வேண்டும் என்ற கேள்விக்கு, இந்தப் பூமியில் முதன்முறையாக, ‘உத்தேசமா’ என்ற சொல் இல்லாமல் பதில் சொன்னவன் நான். பெயர் பூவரசன். வயது இருபத்தாறு. அடக்கமானவன்.

சிரிப்பவர்கள் முதலில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு சிரிக்கலாம். யூரியா குறைந்தால் கதிர் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். கூடினால், பயிர் தின்றது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். கிணற்றிலிருந்து குடம், குடத்திலிருந்து பால்புட்டி. கைக்குழந்தைகளின் உதடு நீலம் பாரித்த இரண்டு கோடைகளுக்குப் பிறகுதான் பங்கீட்டுச் சட்டம் வந்தது. அரிசிக்குக் கார்டு போல ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நைட்ரஜன் கார்டு. அதில் எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்று தப்பில்லாமல் சொல்லும் ஓர் ஆளைப் பங்கீட்டு வாரியம் தேடியது. அப்படித் தேடப்படுவதற்காகவே நான் நான்கு வருடம் படித்திருந்தேன்.

அதற்கு முன்னால் இலை வண்ண அட்டை என்று ஒன்று இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் வயலில் இறங்கி, சூரியனுக்கு முதுகு காட்டி, தன் உடம்பு நிழலில் இலையை வைத்து, பறிக்காமல், அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்துச் செடி பார்த்து, ஆறு செடியாவது ஐந்தாம் எண் பச்சையைவிட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு இருபத்தைந்து கிலோ யூரியா. இல்லையென்றால் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கலாம். ஒரு பருவம் தொடங்கினால் முடியும்வரை அதே ஆள்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. ஒருவர் கண் மாதிரி இன்னொருவர் கண் இருக்காதாம்.

இதை விஞ்ஞானம் என்றார்கள். ஜவுளிக்கடையில் புடவைக்கு ஜாக்கெட் துணி தேடும் அம்மாக்கள் துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு பொடி கம்மியா இருக்கோ?” என்று கேட்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கல்லூரிக் கூட்டங்களில் இதை நடித்துக் காட்டுவேன். முதுகை வளைத்து, ஒரு கண்ணை மூடி, இல்லாத இலையைப் பிடித்துக்கொண்டு, “உத்தேசமா... ஒரு அரை மூட்டை?” என்பேன். கடைசி பெஞ்ச் வரை சிரிக்கும். வேளாண் கல்லூரியில் கடைசி பெஞ்ச் என்பது முக்கால் வகுப்பு.

என் இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் பயிர்நோக்கி. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கங்காணி. ஆட்டுக்குட்டி உயரம், நான்கு சக்கரம், நீண்ட கழுத்தின் நுனியில் ஒரு கேமரா. காலையில் தானே கிளம்பி வரப்போடு வரப்பாகப் போய் இலைகளைப் பார்த்து, முதுகிலுள்ள பலகையில் ஓர் எண்ணைக் காட்டும். ஐந்துக்குக் கீழே என்றால் ‘போதாது’. கார்டு திறக்கும், ஒரு நாளைக்குள் கிடங்கில் யூரியா வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். ஐந்துக்கு மேலே என்றால் ‘போதும்’. மாவட்டம் முழுக்க மூவாயிரத்து எண்ணூறு கங்காணிகள்.

ஆனால் கேமராவுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். எது பசி, எது நிறைவு என்று யாராவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். இரண்டு பருவம், நாற்பதாயிரம் இலை, விதிப்படி ஒரே கண். அந்தக் கண்ணின் சொந்தக்காரி வைரமணி.

குன்னத்துக்காரி. வேளாண் டிப்ளமோ. என் வயது. ஆண்கள் போடும் பெரிய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு, சோளத் தோகை கிழித்த கீறல்களோடு தினமும் காலை எட்டு மணிக்கு வயலில் நின்று, தலையை இடப்பக்கம் சாய்த்து இலை பார்ப்பாள். பதவியில் நான் மேற்பார்வையாளர் என்பதால் என்னை ‘சார்’ என்பாள். அந்த ‘சார்’ஐ அவள் சொல்லும் விதத்தில் சொன்னால் கலெக்டரே ராஜினாமா செய்துவிடுவார்.

அவள் நோட்டில் ஐந்து பத்திகள். தேதி, நேரம், செடி, எண். கடைசியாக ஒன்று, எப்போதும் நிறைய எழுதப்பட்டு.

“அந்தக் கடைசிப் பத்தியில என்ன எழுதுற?”

“குறிப்பு.”

“இலையப் பத்தியா?”

“பாக்குறவளப் பத்தி.”

“இது விஞ்ஞான நோட்டா, டைரியா?”

“கண்ணு உடம்புலதான சார் இருக்கு? தூக்கம் கெட்டா அஞ்சு நாலரையாத் தெரியும். எழுதிவெச்சாத்தான் பின்னாடி கழிக்க முடியும்.”

“இயந்திரம் எண்ணைத்தான் படிக்கும். கதை படிக்காது.”

“சரி, அப்ப நீங்க படிங்க.”

நான் படிக்கவில்லை. எண் இல்லாதவர்கள்தான் குறிப்பு எழுதுவார்கள் என்பது அந்நாளில் என் கொள்கை. குறிப்புப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் இயந்திரத்துக்குக் கொடுத்தேன். வெயில், காற்று, ஈரம், மண் சூடு, மோதாமலிருக்க அது உணரும் சுற்றுவட்டாரக் கைபேசிகள் என்று மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தகவல்கள். “எல்லாத்தையும் கொட்டு, வேணுங்கிறத அதுவே எடுத்துக்கும்” என்பது என் இன்னொரு கொள்கை.

தொடக்க விழா மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். வழக்கம்போல வளைந்து நின்று நடித்துக் காட்டினேன். பிறகு, “இன்றோடு வைரமணியின் கண்ணுக்கு ஓய்வு. இனி அதை வைத்து அவர் நிம்மதியாக சீரியல் பார்க்கலாம்” என்றேன். மந்திரியின் உதவியாளர் வரை சிரித்தார். வைரமணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

அடுத்த வாரம் கொட்டகைக்கு வந்து, பீகாரில் பூர்ணியா பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே இன்னும் அட்டைதான், இலை பார்க்கச் சொல்லித் தர வேண்டும் என்றாள். “நல்ல வாய்ப்பு” என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் பதிமூன்று மாதம். ஏக்கம் என்பதை அளக்க முடியாது. அளக்க முடியாதவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தினமும் காலையில் பூர்ணியாவின் வெயில் மழை நிலவரம் பார்ப்பேன். அது பொது அறிவுக்காக. பிறகு, எங்கள் கொட்டகையை ஒட்டிய வயலில் கங்காணி கிளம்பும்போது அதன் பின்னாலேயே வரிசை முடியும்வரை நடப்பேன். அது ஒவ்வோர் இலை முன்னாலும் கழுத்தைச் சாய்த்து, அரை நொடி யோசித்துவிட்டு நகரும். யோசிக்கும்போது கழுத்து இடப்பக்கம் சாயும். அதற்கு அப்படிச் சாயச் சொல்லித் தந்தது நானில்லை. நான் நடந்தது உடற்பயிற்சிக்காக.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் பவுனம்மாள் அக்கா உள்ளே வந்து என் விசைப்பலகை மேல் ஓர் இலையைப் போடும்வரை.

கொட்டகையை ஒட்டிய அந்த வயல் இரண்டு ஏக்கரும் அவர் குத்தகைக்கு எடுத்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். யாராவது உட்காரச் சொல்லட்டும் என்று காத்திருக்க மாட்டார்.

“இது என்னா தம்பி?”

“இலை, அக்கா.”

“நாலு வருசம் காலேஜு போயிருக்க, கரெக்டாச் சொல்லிட்ட. என்னா ஆயிருக்கு இதுக்கு?”

பார்த்தேன். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும் மஞ்சள். முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும், பசி.

“அடியிலைதான அக்கா இது? கங்காணி மேலிலையப் பாக்கும். இன்னிக்குக்கூட அஞ்சு புள்ளி ரெண்டு, ‘போதும்’னு சொல்லியிருக்கு.”

“பட்டினி கெடக்குற பயிரு அடியிலையத் தின்னு மேலிலையக் காப்பாத்தும். நானும் அப்படித்தான் ரெண்டு புள்ளைங்கள வளத்தேன். உன் மிசினு வந்து என் புள்ளைங்க மூஞ்சிய மட்டும் பாத்துட்டு, அம்மாக்காரிக்கு வயிறு ரொம்பிருக்குன்னு எழுதிட்டுப் போவுது.”

“அக்கா, மூவாயிரத்து எண்ணூறு வயல்ல இப்படி ஒரு புகார்கூட—”

“மத்த வயலு நல்லாத்தான் இருக்கு. என்னுது மட்டும் ரெண்டாவது வருசம். போன வருசம் உன் அறிக்கையில என்னா எழுதுன? ‘உழவரின் அக்கறைக் குறைவு.’ எம்மவ படிச்சுக் காட்டுனா.”

எழுதியிருந்தேன். மற்ற எல்லாக் காரணங்களையும் இயந்திரம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது மனிதர்கள்தானே.

“இன்னிக்கு நாப்பத்தொண்ணாம் நாளு” என்றார். “நாப்பத்தஞ்சோட கார்டு மூடிக்கும். இந்த வருசமும் வெளைச்சல் படுத்தா நிலத்துக்காரரு சோலார் கம்பெனிக்குக் குடுத்துடுறேன்னுட்டாரு. எனக்கு வேற நெலம் கெடையாது. கண்ணாடிப் பலகைக்கு அடியில களையெடுக்கவா போவேன்?”

“நான் என்ன செய்ய முடியும்? கங்காணி ‘போதாது’ன்னு சொன்னாத்தான் கார்டு திறக்கும்.”

“சொல்லுச்சே! தீவாளிக்கு நீ ஊருக்குப் போனியே, அந்த நாலு நாளும் ‘போதாது’, ‘போதாது’ன்னுதான் சொல்லுச்சு. கிடங்குல ஆளு இருந்தானா? பட்டாசு வாங்கப் போயிட்டான். நீ வந்த, மறுநா காலையில ‘போதும்’ங்குது.” அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ என்னா தம்பி, நடமாடுற யூரியா மூட்டையா?”

மறுநாள் காலை இருவரும் வயலில் இறங்கினோம். அவரை நம்ப வைப்பதுதான் என் நோக்கம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். கங்காணியை ஒரு செடி முன்னால் நிறுத்தினேன். நகராத செடி, நகராத இலை. நான் வரப்பின் கோடிக்குப் போனேன். பவுனம்மாள் அக்கா பலகையைப் பார்த்துக் கத்தினார்.

“நாலு புள்ளி ஆறு!”

நடந்து வந்தேன்.

“நாலு புள்ளி எட்டு! அஞ்சு! எட்டு வையி, எட்டு வையி. அஞ்சு புள்ளி ஒண்ணு!”

பக்கத்தில் வந்து நின்றேன். ஐந்து புள்ளி மூன்று. போதும்.

பின்னால் நடந்தேன். ஐந்து. நான்கு புள்ளி எட்டு. நான்கு புள்ளி ஆறு. கைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பக்கத்தில் போனேன். இயந்திரம் என்னைச் சட்டை செய்யவில்லை. அவர் என் கைபேசியை இயந்திரத்தின் பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி ஐந்து புள்ளி மூன்று. பிறகு தன் கைபேசியைக் காட்டினார்; ஒன்றுமில்லை. வழியில் போன டிராக்டர் ஓட்டுநரைக் கூப்பிட்டு அவர் கைபேசியைக் காட்டினோம். அதற்கும் ஒன்றுமில்லை.

“உன்னயக் கண்டா அதுக்குப் பசியே தெரியல” என்றார் பவுனம்மாள் அக்கா. அவர் குறை சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

கொட்டகைக்குப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தேன். முதல் பருவம், கார்த்திகை பன்னிரண்டு. ஒரே வரிசை, ஒரே காலை. ஒன்பது மணிக்கு முன்னால் வைரமணி பார்த்த இலைகளெல்லாம் நாலரை. ஒன்பது மணிக்குப் பின்னால் பார்த்தவை ஐந்தே கால். மழை இல்லை, வெயில் மாறவில்லை, உரம் போடவில்லை. ஒன்பது மணிக்குச் சோளத்துக்கு என்ன நேர்ந்தது?

நான் வந்திருந்தேன்.

அப்படி இரண்டு பருவத்தில் அறுபத்தொரு நாள். நான் இருந்த நாளெல்லாம் அவள் கண்ணுக்கு உலகம் பச்சையாக இருந்திருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு தகவல்களைக் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொன்னேன் இல்லையா, அது என் கைபேசியை எடுத்துக்கொண்டது. இவன் பக்கத்தில் இருந்தால் எந்த இலைக்கும் குறையில்லை. நாற்பதாயிரம் இலையிலிருந்து அது கற்ற பாடம் இதுதான். நான் ஒவ்வொரு காலையும் அதன் பின்னால் நடந்து நடந்து பவுனம்மாள் அக்காவின் இரண்டு ஏக்கரையும் பட்டினி போட்டிருக்கிறேன். உடற்பயிற்சிக்காக.

இரும்பு பீரோவில் அவள் நோட்டுகள் பதினெட்டு இருந்தன. மூன்று வருடம் கழித்து, முதல் தடவையாகக் கடைசிப் பத்தியைப் படித்தேன்.

‘தூக்கம் சரி. கண் சரி.’

‘தலைவலி. பதினோராம் செடிக்குப் பிறகு நம்ப வேண்டாம்.’

‘மேற்பார்வையாளர் உடன் இருந்தார். இன்றைய அளவுகளை நீக்கவும்.’

அதே கையெழுத்து, அதே வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமல். எண்ணினேன், அறுபத்தொரு இடம். ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: ‘மேற்பார்வையாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றும் நீக்கவும்.’ அதற்குக் கீழேயே, அரை மணி நேரம் கழித்து: ‘வரவில்லை. நீக்க வேண்டாம்.’

அன்று நான் ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் வளைந்து நின்று நடித்துக் காட்டப் போயிருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மேல், அவள் வயலிலிருந்து ஏறியிருப்பாள் என்று கணக்குப் போட்டு, கூப்பிட்டேன்.

“சொல்லுங்க சார்.” பெயர் கேட்கவில்லை. பின்னால் யாரோ இந்தியில் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வைரமணி, ஒரு தொழில்நுட்பக் கோளாறு.”

“யாருக்கு?”

“கங்காணிக்கு. உன் அளவுல ஒரு... அறுபத்தொரு நாள்...”

“நீக்கச் சொல்லி எழுதியிருந்தேனே.”

“படிக்கல.”

“இப்ப படிச்சாச்சா?”

“நேத்து.”

மாட்டை அதட்டியவர் நிறுத்திவிட்டார். அவள் நடந்து தள்ளிப் போவது செருப்புச் சத்தத்தில் கேட்டது.

“மூணு வருசம்” என்றாள். “பரவால்ல. உங்க வேகத்துக்கு இது சீக்கிரம்தான்.”

“நீ நேர்ல சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? ‘சார், நீங்க நின்னா எனக்கு எல்லாம் பச்சையாத் தெரியுது’ன்னா? அத வெச்சு நீங்க ரெண்டு மேடை ஓட்டியிருப்பீங்க.”

ஓட்டியிருப்பேன். அதனால் விஷயத்துக்கு வந்தேன்.

“அந்த அறுபத்தொரு நாள எடுத்துட்டு, மீதிய வெச்சு மறுபடி சொல்லிக் குடுத்துடலாம். நான் இல்லாத நாள் அளவெல்லாம் சுத்தமா இருக்கும்ல?”

செருப்புச் சத்தம் நின்றது.

“வைரமணி?”

“அதுவும் வேண்டாம் பூவரசு.”

பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஏன்?”

“நீ இல்லாத நாள்ல எல்லாம் வெளிறித்தான் தெரிஞ்சுது. இலை, வரப்பு, வானம் எல்லாமே. அதையும் எழுதியிருந்தா நோட்டுல ஒரு இலைகூட மிஞ்சியிருக்காது. வேலை போயிருக்கும். அதான் ஒரு பாதிய மட்டும் ஒத்துக்கிட்டேன்.”

சுவரில் என் விருது தொங்கிக்கொண்டிருந்தது. மாவட்டத்தின் சராசரி விளைச்சலைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தியதற்காக. மூவாயிரத்துச் சொச்சம் வயல்களில் கங்காணிகள் நான் இல்லாத இலைகளைப் பார்த்து, பசி, பசி என்று சொல்லி, கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு மாவட்டமே அவள் ஏக்கத்தில் விளைந்திருக்கிறது. கிணறுகளில் நைட்ரேட் லேசாக ஏறியிருப்பதாக ஆடி மாதம் ஓர் அறிக்கை வந்தது. மழையைக் காரணம் காட்டிப் பதில் எழுதியிருந்தேன்.

“எவ்வளவு வெளிறி?” என்று கேட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்தில் கேட்கத் தெரிந்தது அதுதான். “அதாவது... எவ்வளவு கழிக்கணும்?”

“அத எங்க அளக்குறது?” சிரித்தாள், மூக்கால். “ஏக்கருக்கு ஒரு அஞ்சு கிலோ இருக்கும். உத்தேசமா.”

“அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சா?” ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். காலையிலேயே பார்த்திருந்தேன்.

“ஆரம்பிச்சிடுச்சு.”

“நீ இங்க... திரும்ப...”

“இப்பதான் இங்க விதைச்சிருக்கு பூவரசு. பங்குனி வரைக்கும் நான்தான் பாக்கணும். ஒரே ஆளுதான? விதி இருக்குல்ல.”

விதி இருக்கிறது. ஒருவர் கண் மாதிரி இன்னொருவர் கண் இல்லை. இதை நான் மேடைகளில் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்தேன். பவுனம்மாள் அக்காவின் கார்டைத் திறக்க ஒரே வழி, பயிர்நோக்கியின் பார்வை பிழையானது என்று அதை உருவாக்கியவன் கையெழுத்துப் போடுவது. எல்லாக் கங்காணிகளுக்கும் ஒரே கண் என்பதால், ஒரு வயலில் பிழை என்றால் மூவாயிரத்து எண்ணூறிலும் பிழை. கையெழுத்து விழுந்த நிமிடம் எல்லாம் நிற்கும். அந்தக் கண் அழிக்கப்படும். பயிர் பூ எடுக்கும்வரை கார்டுகள் திறந்திருக்கும். அதுவரை அந்தந்த நிலையப் பொறுப்பாளர் அட்டையை வைத்துக்கொண்டு வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை. ஒரே ஆள். எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் யார் என்று பார்த்தேன். மேற்பார்வையாளர், பூவரசன் என்று போட்டிருந்தது.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு நாளை வீணாக்கினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை கங்காணியைக் கிளப்பாமல் கொட்டகை வாசலிலேயே நிறுத்தி, எதிரே ஒரு தொட்டிச் செடியை வைத்தேன். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வந்தேன். நான்கு புள்ளி ஆறு. நான்கு புள்ளி எட்டு. ஐந்து. பக்கத்தில் வர வர எண் ஏறியது. அவள் நோட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் “வாங்க சார்” என்று சொல்லும்போது அவளுக்குள் என்ன ஏறியிருக்குமோ அதை, தசமப் புள்ளியோடு, என் கண்ணால் பார்த்தேன். ஐந்து புள்ளி மூன்று. இந்த உலகத்தில் எந்த ஆம்பளைக்கும் இது காட்டப்பட்டதில்லை. திரும்பிப் போனேன். மறுபடி வந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட ஒரே விஷயம்.

“தம்பி.”

பவுனம்மாள் அக்கா வேலியோரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“நாளைக்கு நாப்பத்தஞ்சு” என்றார்.

“தெரியும் அக்கா.”

“யாரு அந்தப் பொண்ணு? முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்குமே, அதுவா?”

நான் தொட்டிச் செடியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன்.

“நல்ல பொண்ணு” என்றார். “என் பயிரும் நல்ல பயிருதான்.”

கையெழுத்துப் போட்டேன். காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். ‘இயந்திரத்துக்குக் கற்பித்தவர் பிழையை நேர்மையாகக் குறித்திருந்தார். உருவாக்கியவர் படிக்கவில்லை’ என்று எழுதினேன். வாசலில் நின்றிருந்த கங்காணி கழுத்தை இடப்பக்கம் சாய்த்தபடியே அணைந்தது. பலகையில் எண் இல்லை. விருதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானே கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். மதியத்துக்குள் கல்லூரி நண்பர்கள் குழுவில் என்னை வைத்து ஏழு நகைச்சுவைகள் வந்திருந்தன. அதில் இரண்டு தரமானவை.

நாற்பத்தைந்தாம் நாள் காலை எட்டரை மணிக்கு அட்டையோடு வயலில் இறங்கினேன். சோளம் என் மார்பு உயரம். தோகை முழங்கையைக் கீறியது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, வளைந்து, என் நிழலுக்குள் இலையை இழுத்துக்கொண்டேன். நூறு தடவை நடித்த உடம்பு என்பதால் சுலபமாக வளைந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெறும் காற்றைப் பிடித்து நடிக்கும்போது தெரியாத ஒன்று இலையைப் பிடித்தால் தெரிகிறது: அது கட்டத்துக்குள் அடங்காது. நாலரையைவிடக் கொஞ்சம் அதிகம், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முதல் செடி, வெளிறல். இரண்டாவது, வெளிறல். நான்காவது செடியில் இலையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். பத்துச் செடி முடிந்தபோது எட்டு வெளிறியிருந்தன.

பவுனம்மாள் அக்கா வரப்பில் காத்திருந்தார். கிடங்குக்குப் போக வண்டியை முடுக்கி வைத்திருந்தார்.

“எவ்வளவு?”

அட்டையின்படி ஏக்கருக்கு இருபத்தைந்து. என் வாயிலும் இருபத்தைந்துதான் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இலை மட்டுமில்லை. வரப்பு வெளிறியிருந்தது, கொட்டகைத் தகரம் வெளிறியிருந்தது, வானமும்.

“எட்டு செடி வெளிறியிருக்கு. ஏக்கருக்கு இருபது போடுங்க அக்கா. பத்து நாள் கழிச்சு நானே வந்து மறுபடி பாக்குறேன்.”

“எட்டு செடி வெளிறிருக்குன்ன? அட்டையில இருபத்தஞ்சுன்னுல்ல போட்டிருக்கு?”

“என் கண்ணுக்கு அஞ்சு கழிக்கணும்.”

“அஞ்சுன்னு எப்படித் தெரியும்?”

“உத்தேசமாத்தான்” என்றேன்.